.223 ரெமிங்டனுக்கு எந்தப் பவுடர்? வீட்டில் தோட்டா தயாரிப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் ரீலோடிங் (சுட்ட கூட்டில் திரும்பப் பவுடரும் குண்டும் வைத்துத் தோட்டா செய்வது) சாமான் விற்கும் கடையில் பவுடர் அலமாரி முன்னால் முதல் தடவை நிற்பவருக்குத் தலை சுற்றும். ஹாட்ஜ்டன், ஐஎம்ஆர், அலையன்ட், அக்யுரேட், ராம்ஷாட், விஹ்டாவூரி என்று வரிசையாக டப்பாக்கள். பாதிக்கு மேல் வெறும் எண்களே பெயர்: 335, 322, 4895, 8208, 133. .223 ரெமிங்டன் என்ற சின்னத் தோட்டா ஒன்றுக்கே இவற்றில் ஒரு டஜனுக்கு மேல் பொருந்தும். புதிதாக வருபவர் பெரும்பாலும் அளவுப் பட்டியலைத் திறந்து, எந்தப் பவுடர் அதிக வேகம் காட்டுகிறதோ அதை வாங்கிவிடுகிறார். என்னைக் கேட்டால் அது தலைகீழ் வழி. துப்பாக்கி, குண்டு (தோட்டாவின் முனையிலிருந்து பறந்து போவது), கூடு (பவுடரை அடைக்கும் பித்தளைக் குப்பி), உங்கள் ஊர் வெயில், உங்கள் அளவுக் கருவி எல்லாம் பார்த்து முடித்த பிறகு கடைசியாகப் பார்க்க வேண்டியது வேகம். தாளில் ஓட்டைகள் நெருக்கமாக விழுவதற்கும் விநாடிக்கு 50 அடி கூடுதலாகப் பறப்பதற்கும் பெரிய தொடர்பில்லை.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா தயாரிக்கக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. விற்பதற்குத் தயாரித்தால் உரிமம் கட்டாயம். மாநிலச் சட்டமும் ஊர்த் தீயணைப்பு விதிகளும் இடத்துக்கு இடம் வேறுபடும், அவற்றைத் தனியே பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். இந்தக் கட்டுரை அமெரிக்காவில் சட்டப்படி இதைச் செய்கிற தமிழர்களுக்காக எழுதியது. இதில் எடை அளவுகள் எதுவும் இல்லை, வேண்டுமென்றேதான். அளவை எங்கே எடுக்க வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

டப்பாவுக்குள் இருப்பது என்ன

புகையில்லாப் பவுடரின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். பிரான்சில் பால் வியே 1884-இல் இதை ரைஃபிளுக்கு ஏற்றபடி முதலில் செய்தார். நைட்ரோசெல்லுலோஸ் மட்டும் இருந்தால் ஒற்றை அடிப்படை, அதோடு நைட்ரோகிளிசரின் சேர்ந்தால் இரட்டை அடிப்படை. இரண்டாவது வகையில் அதே எடைக்கு ஆற்றல் கூடுதல், பொதுவாகச் சூடும் கூடுதல். நீலகிரிக்காரர்களுக்கு இரட்டை அடிப்படை புதிதல்ல. ஊட்டி மலை ரயில் போகிற வழியில் அருவங்காட்டில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஓடுகிற கார்டைட் ஃபேக்டரியின் பெயரில் இருக்கும் கார்டைட் அந்த வகைதான்.

உருவத்தில் ரைஃபிள் பவுடர் இரண்டு விதம். ஒன்று குச்சி: மாவை அச்சில் பிழிந்து, இழையாக வந்ததைத் துண்டு துண்டாக வெட்டியது. பெரும்பாலானவற்றில் நடுவே நீளவாக்கில் ஒரு துளை இருக்கும். வெளிப்புறம் எரிந்து சுருங்கச் சுருங்க உள்துளை எரிந்து விரிவதால் வாயு ஒரே சீராக வந்துகொண்டிருக்கும். இன்னொன்று பந்து. இதை 1933 வாக்கில் வெஸ்டர்ன் காட்ரிஜ் நிறுவனத்தில் ஃபிரெட் ஓல்சன் உருவாக்கினார். உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிப் பார்த்தால் கசகசா போலப் பொடிப்பொடியாக, கிராஃபைட் பளபளப்போடு உருளும். பல பந்துப் பவுடர்களை உருளையில் நசுக்கித் தட்டையாக்கியிருப்பார்கள். பந்துக்குள் துளை கிடையாது. அதனால் எரியும் வேகத்தைக் கட்டுப்படுத்த மேற்பரப்பில் ஒரு தடுப்புப் பூச்சை ஊறவைத்திருப்பார்கள். அந்தப் பூச்சு பிறகு பற்றவைப்பதிலும் அழுக்கிலும் தன் வேலையைக் காட்டும்.

கரும் வெடிமருந்து முற்றிலும் வேறு பொருள். அதையும் இதையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றவே கூடாது.

படி 1: குழலையும் குண்டையும் முடிவு செய்யுங்கள்

பவுடர் தேர்வு பவுடரிலிருந்து தொடங்குவதில்லை. குழலின் முறுக்கிலிருந்து, அதாவது குண்டைச் சுழற்றும் உட்பள்ளங்கள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுகின்றன என்பதிலிருந்து, தொடங்குகிறது. பழைய போல்ட் ரைஃபிள்கள் (ஒவ்வொரு வெடிக்கும் கையால் போல்ட்டை இழுத்து ஏற்றுபவை) பலவற்றில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருக்கும். அதில் 55 கிரெய்ன் வரையிலான குண்டு நன்றாகப் போகும். 9 அங்குலத்துக்கு ஒரு சுற்றென்றால் 69 கிரெய்ன் வரை போகலாம். 77 கிரெய்னுக்கு 8 அல்லது 7 வேண்டும். கிரெய்ன் என்பது எடை. 7,000 கிரெய்ன் சேர்ந்தால் ஒரு பவுண்டு.

குண்டின் எடை முடிவானதும் பவுடரின் பரப்பு தானாகச் சுருங்கிவிடும். குண்டு லேசாக இருந்தால் குழலில் சீக்கிரம் நகர்ந்துவிடும், பின்னால் இடம் சட்டென்று விரியும். அந்த இடத்தை நிரப்ப வேகமாக எரிகிற பவுடர் வேண்டும். கனமான குண்டு தயங்கித்தான் நகரும். அங்கே வேகமான பவுடர் போட்டால் அழுத்தம் ஒரேயடியாக ஏறிவிடும், கொஞ்சம் நிதானமாக எரிவதுதான் வேண்டும்.

இதை .223-க்குப் பெயர் சொல்லிப் பிரித்தால் இப்படி வரும். 40 முதல் 50 கிரெய்ன் வரை ஹெச் 322, பெஞ்ச்மார்க், என் 133. 52 முதல் 62 வரை ஹெச் 335, ஹெச் 4895, ஐஎம்ஆர் 8208 எக்ஸ்பிஆர், டாக். 69 முதல் 77 வரை வார்கெட், ரீலோடர் 15, என் 140, ஐஎம்ஆர் 4064, திரும்பவும் 8208 எக்ஸ்பிஆர், டாக். எல்லைகள் கத்தி வெட்டியதுபோல் இல்லை, ஒன்றின் மேல் ஒன்று ஏறித்தான் இருக்கும். வார்கெட்டை 55 கிரெய்னுக்குப் போடுபவர்கள் ஏராளம். கூடு நிரம்பி வழிகிற மாதிரி ஆகும், வேகம் சற்றுக் குறையும், துல்லியம் பல துப்பாக்கிகளில் அருமையாக இருக்கும்.

படி 2: எரிவேகப் பட்டியலைச் சரியாகப் படியுங்கள்

எல்லாப் பவுடர்களையும் வேகமானதிலிருந்து மெதுவானது வரை வரிசைப்படுத்திய பட்டியல் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். உபயோகமானதுதான், எந்தப் பேட்டைக்குள் தேடுவது என்று காட்டும். அதற்கு மேல் அதை நம்பக் கூடாது. அது வெறும் வரிசை. 90-ஆவது இடத்துக்கும் 91-ஆவது இடத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், பெரிய இடைவெளியும் இருக்கலாம். ஒரு நிறுவனத்தின் பட்டியலில் முன்னால் இருப்பது இன்னொன்றில் பின்னால் இருக்கும். பவுடர் எரியும் வேகம் நிலையானதும் அல்ல. அழுத்தம் ஏற ஏற வேகமும் ஏறும். அதனால் ஒரு கூட்டில் வேகமாக நடந்துகொள்வது இன்னொரு கூட்டில் நிதானமாக நடந்துகொள்ளலாம்.

பட்டியலில் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போடுவது இந்தப் பொழுதுபோக்கில் செய்யக்கூடிய மிக மோசமான காரியங்களில் ஒன்று.

படி 3: அச்சிட்ட அளவு இல்லாத பவுடரை வாங்காதீர்கள்

எஸ்ஏஏஎம்ஐ என்ற அமெரிக்கத் தர அமைப்பு .223 ரெமிங்டனுக்கு வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு. முகத்திலிருந்து சில அங்குலம் தள்ளி நடக்கிற விஷயம் அது. வீட்டில் அதை அளக்க நம்மிடம் கருவி இல்லை. பவுடர் நிறுவனமும் குண்டு நிறுவனமும் ஆய்வகத்தில் அழுத்தக் குழல் வைத்து அளந்து வெளியிடும் அளவுகள் மட்டுமே நமக்குத் துணை. ஹாட்ஜ்டன் தன் இணையதளத்தில் இலவசமாகத் தருகிறது. விஹ்டாவூரியும் தருகிறது. ஹார்னடி, சியரா, நாஸ்லர் முதலிய குண்டு நிறுவனங்களின் கையேடுகளும் இருக்கின்றன.

என் விதி இது: உங்கள் குண்டின் எடைக்கும் வகைக்கும் பொருந்தும் அளவு குறைந்தது இரண்டு நம்பகமான இடங்களில் இருக்கும் பவுடரை மட்டும் வாங்குங்கள். இரண்டு இடத்து அளவும் கொஞ்சம் வித்தியாசமாகத்தான் இருக்கும், அவர்களுடைய குழல், கூடு, பிரைமர் (கூட்டின் அடியில் இருந்து பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடி) எல்லாம் வேறு. குறைவாக இருக்கும் தொடக்க அளவிலிருந்து ஆரம்பியுங்கள். நண்பர் சொன்ன அளவு, காணொளியில் பார்த்த அளவு எல்லாம் அவருடைய துப்பாக்கிக்குச் சரியாக இருந்திருக்கலாம், உங்களுடையதற்கு அப்படி என்று ஒரு உத்தரவாதமும் இல்லை.

கூட்டையும் கவனியுங்கள். 5.56 (.223-ஐ ஒத்த ராணுவத் தோட்டா) கூடுகள் சில உள்ளே சற்றுத் தடிப்பாக இருக்கும், கொள்ளளவு குறையும், அதே எடைப் பவுடருக்கு அழுத்தம் கூடும். ஒரே அடையாள முத்திரை உள்ள கூடுகளாகப் பிரித்து வைத்துக்கொண்டு வேலை செய்வது நல்லது. 5.56-க்கென்று வெளியிட்ட அளவை .223 அறை (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) உள்ள ரைஃபிளுக்குப் போடக் கூடாது.

படி 4: கூடு எவ்வளவு நிறைகிறது என்று பாருங்கள்

பலர் தாண்டிப் போய்விடும் இடம் இது. நான் அதிகம் மதிப்பதும் இதைத்தான்.

கூட்டுக்குள் பவுடர் பாதி அளவுதான் இருக்கிறது என்று வையுங்கள். துப்பாக்கியைக் கீழே சாய்த்துத் தூக்கினால் பவுடர் குண்டுப் பக்கம் போய்விடும். மேலே தூக்கி இறக்கினால் பிரைமர் பக்கம் வந்துவிடும். பிரைமரின் தீ ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விதமாகப் பவுடரைத் தொடும், வேகமும் மாறும். கூடு 90 முதல் 100 சதவீதம் வரை நிறைந்திருந்தால் பவுடருக்கு நகர இடமே இல்லை. ஒவ்வொரு தோட்டாவும் ஒரே மாதிரிப் பற்றும்.

இன்னொரு நன்மை பாதுகாப்பு. கூட்டில் பாதிக்கு மேல் நிறைகிற பவுடரை மறதியாக இரண்டு தடவை கொட்ட முடியாது, வெளியே வழிந்துவிடும். கொட்டி முடித்ததும் கூடுகளை மரப் பலகையில் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொரு வாயாகப் பாருங்கள். 50 கூட்டில் ஒன்றில் மட்டும் பவுடர் கொஞ்சம் கீழே இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். இந்த டார்ச் பார்வையைத் தவிர்க்காதீர்கள். ஒரு கூடு காலியாகப் போனால் பிரைமரின் உந்துதலில் குண்டு குழல் நடுவில் போய் நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் அடுத்த குண்டைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

ஹாட்ஜ்டன் பட்டியலில் சில அளவுகளுக்குப் பக்கத்தில் 'சி' என்று ஆங்கில எழுத்து இருக்கும். பவுடர் அமுங்குகிறது என்று அதற்குப் பொருள், குண்டை உட்கார வைக்கும்போது லேசாக நறநறவென்று சத்தம் கேட்கும். அச்சிட்ட அளவுக்குள் இருக்கும் வரை அதில் தவறில்லை. வார்கெட்டும் 77 கிரெய்ன் குண்டும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். பவுடர் குண்டைத் திரும்ப மேலே தள்ளுகிறதா என்று மட்டும் மறுநாள் நீளத்தை அளந்து பாருங்கள். ஏஆர் (எம்16 போன்ற, தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்) மேகசினுக்குள் போக மொத்த நீளம் 2.260 அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

பந்துப் பவுடர் அடர்த்தியானது, அதே எடைக்குக் குறைந்த இடம் போதும். கனமான குண்டுக்குக் கீழே இடம் போதாதபோது டாக், சிஎஃப்இ 223 போன்றவை உதவுவது இதனால்தான். பட்டியலில் அதிக வேகம் காட்டுவதற்கும் அதுவே ஒரு காரணம்.

படி 5: உங்கள் ஊர் வெயிலைக் கணக்கில் எடுங்கள்

பிப்ரவரியில் டல்லஸ் பக்கம் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டில் சோதித்து, உச்ச அளவை ஒட்டி ஒரு அளவைப் பிடித்துவிடுகிறீர்கள். ஆகஸ்டில் அதே தோட்டாவைக் காருக்குள் வைத்து எடுத்துப் போகிறீர்கள். வெளியே 100 டிகிரி, காருக்குள் இன்னும் அதிகம். வெப்பத்துக்கு அசைகிற பவுடர் ஒரு டிகிரிக்கு ஒரு அடி வேகம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், 60 டிகிரி வித்தியாசத்துக்கு விநாடிக்கு 60 அடி. வேகம் ஏறுகிறது என்றால் அழுத்தமும் ஏறியிருக்கிறது. பிப்ரவரியில் சாதுவாக இருந்த தோட்டா ஆகஸ்டில் பிரைமரைத் தட்டையாக்கிவிடும்.

இதற்குப் பதிலாக வந்தவைதான் ஹாட்ஜ்டன் 'எக்ஸ்ட்ரீம்' என்று பெயரிட்டு விற்கும் குச்சிப் பவுடர்கள்: ஹெச் 322, பெஞ்ச்மார்க், ஹெச் 4895, வார்கெட் முதலியவை. டப்பாவில் அமெரிக்கப் பெயர் இருந்தாலும் இவை தயாராவது ஆஸ்திரேலியாவின் மல்வாலாவில். வார்கெட் அங்கே ஏஆர் 2208 என்று விற்கிறது, ஹெச் 4895-க்கு ஏஆர் 2206 ஹெச் என்று பெயர். ஐஎம்ஆர் 8208 எக்ஸ்பிஆரும் அங்கிருந்துதான் வருகிறது. பாலைவன வெயிலிலும் பனியிலும் இவற்றின் வேகம் மிகக் கொஞ்சமே மாறும்.

ஹெச் 335, பிஎல்-சி(2), சிஎஃப்இ 223 போன்ற பந்துப் பவுடர்கள் வெயிலுக்குக் கூடுதலாக அசையும். அதற்காக அவற்றைத் தள்ள வேண்டியதில்லை. உச்ச அளவுக்கு நன்றாகக் கீழே நின்றுகொண்டால் போதும், சோதனையை வெயில் காலத்தில் செய்தால் இன்னும் நல்லது. தொடர்ந்து சுட்டுச் சூடான அறையில் தோட்டாவை ஏற்றிவிட்டு வெறுமனே காத்திருக்காதீர்கள். இரண்டே நிமிடத்தில் அந்தத் தோட்டா பலகையில் இருக்கும் தோட்டாக்களைவிட வெகுவாகச் சூடாகிவிடும்.

படி 6: உங்கள் கருவி எதை ஒழுங்காக அளக்கிறது?

.223 கூட்டின் வாய் மிகச் சிறியது. ஐஎம்ஆர் 4064 மாதிரி நீளக் குச்சிகள் புனல் கழுத்தில் குறுக்கே மாட்டிப் பாலம் கட்டிக்கொள்ளும். ஒரு கூட்டில் குறைவாக விழும், தட்டினால் அடுத்த கூட்டில் மிச்சமும் சேர்ந்து விழும். உருளை அளவுக் கருவியின் கைப்பிடியைத் திருப்பும்போது குச்சிகள் நறுக்கென்று வெட்டுப்படுவது கையிலேயே தெரியும். பந்துப் பவுடர் தண்ணீர் மாதிரி ஓடும், கருவி ஒவ்வொரு தடவையும் 0.1 கிரெய்ன் வித்தியாசத்துக்குள் கொட்டும்.

வாரம் முழுக்க நூற்றுக்கணக்கில் சுடுபவர், முற்போக்கு அழுத்தி (ஒரே இழுப்பில் பல வேலைகளைச் செய்யும் கருவி) வைத்திருப்பவர் என்றால் பந்துப் பவுடரோ, குட்டையாக வெட்டிய குச்சியோதான் சரி. ஹெச் 335, டாக், 8208 எக்ஸ்பிஆர், பெஞ்ச்மார்க், என் 133 எல்லாம் இந்த வகையில் சேரும். போல்ட் ரைஃபிளுக்கு ஒவ்வொன்றாகத் தராசில் நிறுத்திப் போடுபவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை, 4064 அவருக்கு அற்புதமான பவுடர்.

படி 7: அழுக்கு, வாயு, எம்16 சொல்லும் பாடம்

போல்ட் ரைஃபிளில் பவுடர் பிழைத்தால் குறி தப்பும். தானியங்கி ஏற்றம் உள்ள ஏஆரில் துப்பாக்கியே நின்றுவிடும். இதற்கு எம்16-இன் கதையைவிடப் பெரிய சான்று கிடையாது. அந்த ரைஃபிள் ஐஎம்ஆர் 4475 என்ற குச்சிப் பவுடரை நம்பி உருவானது. கேட்ட வேகத்தை அழுத்த வரம்புக்குள் பெருமளவில் தர முடியாமல் போகவே, ராணுவம் டபிள்யூசி 846 என்ற பந்துப் பவுடருக்கு மாறியது. அந்தப் பவுடர் எரிந்த விதத்தில் வாயுத் துளையருகே (துப்பாக்கியை இயக்கக் குழலிலிருந்து வாயுவை எடுக்கும் துளை) அழுத்தம் கூடியது, துப்பாக்கி சுடும் வேகம் ஏறியது, பவுடரில் இருந்த கால்சியம் கார்பனேட் வாயுக் குழாயில் படிந்தது. வியட்நாமில் வீரர்கள் கையில் துப்பாக்கி சிக்கி நின்றது. குரோம் பூசாத அறை, சுத்தம் செய்யும் சாமான் இல்லாமல் அனுப்பியது என்று மற்றக் காரணங்களும் இருந்தன. 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று விசாரித்தபோது, பவுடர் மாற்றம் முக்கியமான குற்றவாளிகளில் ஒன்றாக நின்றது. பின்னால் கால்சியம் கார்பனேட்டைக் குறைத்து வந்ததுதான் டபிள்யூசி 844.

கடையில் நாம் வாங்கும் ஹெச் 335 அந்த 844-இன் வழி, பிஎல்-சி(2) 846-இன் வழி. இன்று இரண்டும் நல்ல பவுடர்கள், பயப்பட ஒன்றுமில்லை. கதையை ஏன் சொல்கிறேன் என்றால், தோட்டாவின் வேகம் அப்படியே இருந்தும் அழுத்தம் எழும் விதம் மாறினாலே ஒரு துப்பாக்கி வேறு துப்பாக்கியாகிவிடும். ஏஆருக்கு மிக மெதுவான பவுடரைப் போட்டால் வாயுத் துளையில் அழுத்தம் கூடிக் கூடு முரட்டுத்தனமாகப் பிடுங்கப்படும். மிகவும் குறைத்துப் போட்டால் போல்ட் பின்னால் முழுதும் வராது. வார்கெட், ரீலோடர் 15 வேகத்தைவிட மெதுவான பக்கம் ஏஆரில் போகாதீர்கள்.

சிஎஃப்இ 223-இல் செம்புப் படிவைக் குறைக்கும் சேர்மானம் இருக்கிறது. நூற்றுக்கணக்கில் சுட்டுவிட்டுக் குழலைத் தேய்ப்பவருக்கு அது உண்மையான வசதி.

படி 8: பெயரில் ஏமாறாதீர்கள்

ஹெச் 4895 வேறு, ஐஎம்ஆர் 4895 வேறு. ஹெச் 4198, ஐஎம்ஆர் 4198 அதே கதை. எண் ஒன்று, தயாராகும் நாடு வேறு, எரிவேகம் வேறு, அளவும் வேறு. டப்பாவை எடுக்கும்போதும் பட்டியலைப் படிக்கும்போதும் முன்னெழுத்தையும் சேர்த்து வாய்விட்டுப் படியுங்கள்.

எண்ணை வைத்து வேகத்தை ஊகிக்கவும் முடியாது. 4227 என்பது 4198-ஐவிட வேகமானது, 4895 என்பது 4350-ஐவிட வேகமானது. ஹெச் 380-இன் எண், புரூஸ் ஹாட்ஜ்டன் தனக்குப் பிடித்த ஒரு .22 தோட்டாவில் 38.0 கிரெய்ன் போட்டதால் வந்தது. அது வெறும் பெயர்க் கதை, அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து ராணுவம் கழித்துக் கட்டிய 4895 பவுடரை வாங்கிக் கான்சாஸிலிருந்து சில்லறையில் விற்றுத்தான் அவர் தொழில் தொடங்கினார். அமெரிக்காவில் சாதாரண மனிதர் வீட்டில் தோட்டா செய்வது பரவியதில் அந்த மனிதருக்குப் பெரிய பங்கு உண்டு.

வேறு பெயரில் ஒரே பவுடரும் உண்டு. ஹெச் 110-உம் வின்செஸ்டர் 296-உம் ஒன்றுதான். அப்படிப்பட்ட சில ஜோடிகளை நிறுவனமே ஒப்புக்கொண்டிருக்கிறது. நிறுவனம் சொல்லாத ஜோடியை நீங்களாக உருவாக்காதீர்கள்.

பிரைமர் பற்றிக் கொஞ்சம்

.223-க்கு ஸ்மால் ரைஃபிள் பிரைமர். பந்துப் பவுடரின் பூச்சு பற்றுவதற்கு அடம்பிடிக்கும், குளிரில் இன்னும் அதிகமாக. அதனால் அதற்குச் சூடான பிரைமர் ஒத்துவரும், சிசிஐ 450 மாதிரி. குச்சிப் பவுடருக்குச் சாதாரணப் பிரைமரே போதும். ரெமிங்டன் 6½ பிரைமரை .223-க்குப் போடாதீர்கள், அதன் கிண்ணம் மெல்லியது. பிரைமரை மாற்றினால் அளவைத் தொடக்கத்திலிருந்து திரும்பக் கட்டி வாருங்கள்.

படி 9: எவ்வளவு வாங்குவது

25 கிரெய்ன் போடும் தோட்டா என்று வைத்துக்கொண்டால் ஒரு பவுண்டில் 280 தோட்டா வரும். ஆயிரம் தோட்டாவுக்கு மூன்றரைப் பவுண்டுக்குச் சற்று மேல். முதலில் ஒரே ஒரு பவுண்டு வாங்குங்கள். துப்பாக்கிக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்த பிறகு எட்டுப் பவுண்டு டப்பாவுக்குப் போகலாம், அதுவே மலிவும் கூட. ஆர்டர் செய்து வீட்டுக்கு வரவழைத்தால் அபாயப் பொருள் கட்டணம் தனியாக விழும். அது பெட்டிக் கணக்கு என்பதால், ஒரு பவுண்டுக்காக அப்படி வாங்குவது நஷ்டம்.

டப்பாவில் தயாரிப்புத் தொகுதி எண் இருக்கும். ஒரே பவுடரானாலும் தொகுதிக்குத் தொகுதி சிறிது மாறும். புதுத் தொகுதி திறந்தால் பழைய அளவிலிருந்து இறங்கி வந்து மறுபடியும் கட்டுங்கள்.

ஒரே ஒரு பவுடர் சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஐஎம்ஆர் 8208 எக்ஸ்பிஆர். குட்டைக் குச்சி, கருவியில் ஒழுங்காக விழும், வெயிலுக்கு அசையாது, 52 கிரெய்னிலிருந்து 77 வரை ஏதோ ஒரு அளவில் நன்றாக நடந்துகொள்ளும். கடையில் அது இல்லையென்றால் ஹெச் 4895. அதற்கு இன்னொரு தனிச் சிறப்பு உண்டு: கையேட்டில் ஹெச் 4895-க்குத் தந்த உச்ச அளவின் 60 சதவீதம் வரைக்கும் (அதாவது 100 பங்கில் 60 பங்கு, அதற்குக் கீழே அல்ல) இறங்கிப் போடலாம் என்று ஹாட்ஜ்டனே சொல்கிறது. பிள்ளைகளுக்குச் சுடப் பழக்கும்போது உதை இல்லாத தோட்டா செய்ய இது அருமையான வழி. அந்தக் குறைந்த அளவு ஏஆரை ஓட்டாது, போல்ட் ரைஃபிளில்தான் சுட வேண்டும். இந்த 60 சதவீத விதியை வேறு எந்தப் பவுடருக்கும் நீட்டக் கூடாது. .22 ஹார்னெட்டுக்குப் போடும் ஹெச் 110-ஐ அப்படிக் குறைப்பது ஆபத்து.

படி 10: சோதனை

தொடக்க அளவிலிருந்து 0.3 கிரெய்ன் படிகளாக ஏறுங்கள், அளவுக்கு ஐந்து தோட்டா. ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் கூட்டை எடுத்துப் பாருங்கள். பிரைமரின் விளிம்பு உருண்டையாக இருக்கிறதா, தட்டையாகி இடைவெளியை நிரப்பிவிட்டதா? கூட்டின் அடியில் எஜெக்டர் (கூட்டை வெளியே தள்ளும் ஊசி) பதிந்த பளபளப்பு வட்டம் தெரிகிறதா? போல்ட் தூக்கக் கனக்கிறதா? இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள், மிச்சத் தோட்டாக்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துவிடுங்கள். இந்த அறிகுறிகள் தாமதமாகத்தான் தோன்றும் என்பதை நினைவில் வையுங்கள். அவை தெரியவில்லை என்பதால் அழுத்தம் சரியாக இருக்கிறது என்று ஆகாது. கையேட்டின் உச்ச அளவுதான் எல்லை.

குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) இருந்தால் இன்னொரு காவல் கிடைக்கும். கையேடு உச்ச அளவில் காட்டும் வேகத்தை நீங்கள் அதே நீளக் குழலில் அதற்குக் கீழேயே எட்டிவிட்டால், உங்கள் அழுத்தமும் அங்கே போய்விட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னும் ஏறாதீர்கள்.

ஐந்து தோட்டாக் குழுவைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். நல்ல குழு தற்செயலாக விழும், கெட்டதும் அப்படியே. ஐந்தைக் கொண்டு மோசமானவற்றைக் கழித்துவிடுங்கள், மிஞ்சும் இரண்டு அளவுகளைப் பத்துப் பத்தாகவோ இருபதாகவோ சுட்டுப் பாருங்கள். வேகச் சிதறலின் கணக்கும் ஐந்து வெடியில் ஒன்றும் சொல்லாது.

பக்கத்துத் தோட்டாக்கள்

.222 ரெமிங்டன் 1950-இல் வந்தது. கூடு சற்றுச் சிறியது, .223-க்குப் போடுவதைவிட ஒரு படி வேகமான பவுடர்கள் அதற்குப் பிடிக்கும்: ஹெச் 4198, ஹெச் 322, என் 133. .204 ரூகருக்குப் பெஞ்ச்மார்க் நன்றாகப் பொருந்தும். .22-250 கூடு மிகப் பெரிது, அங்கே வார்கெட், ஐஎம்ஆர் 4064, ஹெச் 380. .22 ஹார்னெட்டின் கூடு விரல் நுனி அளவுதான். அங்கே ரைஃபிள் பவுடர்கள் எரிந்தே முடிக்காது, லில் கன், அக்யுரேட் 1680 போன்ற வேகமானவை வேண்டும். லூ பால்மிசானோவும் ஃபெரிஸ் பின்டெலும் 1970-களின் நடுவில் உருவாக்கிய 6 பிபிசி தோட்டாவோடு என் 133 சேர்ந்துதான் குறுந்தொலைவு பெஞ்ச்ரெஸ்ட் (மேசையில் துப்பாக்கியைத் தாங்கவைத்துச் சுடும்) போட்டிகளை ஆள்கிறது.

படி 11: மேசையிலும் அலமாரியிலும்

மேசை மேல் எப்போதும் ஒரே ஒரு டப்பா. வேலை முடிந்ததும் கருவியிலிருக்கும் பவுடரை அதே டப்பாவில் திரும்பக் கொட்டி மூடுங்கள், ராத்திரி முழுக்கக் கருவியில் விடாதீர்கள். காலையில் அது எது என்று சந்தேகம் வந்தால் அந்தப் பவுடர் குப்பைதான். பெயர் தெரியாத பவுடரை, இரண்டு கலந்துவிட்ட பவுடரை எந்தக் கூட்டிலும் போடக் கூடாது.

அசல் டப்பாவிலேயே வையுங்கள். அது அழுத்தம் வந்தால் பிளந்து திறக்கும்படி வடிவமைத்தது. இரும்புப் பெட்டியில் காற்றுப் போகாமல் அடைத்துவைத்தால் அதுவே வெடிகுண்டாகிவிடும். அமெரிக்காவின் தீத்தடுப்புச் சங்கமான என்எஃப்பிஏவின் 495 விதி வீட்டில் 20 பவுண்டு வரை அசல் டப்பாவில் வைக்க அனுமதிக்கிறது. அதற்கு மேல் 50 வரை வைக்க ஒரு அங்குலத் தடிப்புள்ள மரப்பெட்டி வேண்டும். குளிர்ந்த, உலர்ந்த, குழந்தைகளுக்கு எட்டாத இடம். கராஜும் மொட்டை வெயில் படும் அறையும் வேண்டாம். தண்ணீர் ஹீட்டர் பக்கமும் வேண்டாம்.

வருடத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். நல்ல பவுடரில் கரைப்பான் வாசனை லேசாக அடிக்கும். மூக்கைக் குத்தும் புளித்த நெடி, செம்பழுப்புப் புகை, துரு போன்ற தூசி தெரிந்தால் அது கெட்டுவிட்டது. அப்படிப்பட்டது தானாகவே சூடேறிப் பற்றக்கூடும் என்பதால் ஒரு நாள்கூட வீட்டுக்குள் வைக்காதீர்கள், உடனே வெளியே கொண்டுபோய் உங்கள் ஊர்த் தீயணைப்புத் துறையிடம் எப்படி அப்புறப்படுத்துவது என்று கேளுங்கள்.